போதை என்று எழுதியவர்

வரலட்சுமி எழுதியதை ஒருவர் கடைசி வரி வரைக்கும் வாசித்திருக்கிறார் என்ற செய்தி, ஒரு புதன்கிழமை காலையில் அவருக்குக் கிடைத்தது. புகாராகத்தான் கிடைத்தது.

போத்தனூர்ப் பக்கம் இருக்கிற ஒரு மருத்துவமனையில் அவர் இரண்டு வருடமாக மொழி அலுவலர். வயது நாற்பத்தொன்பது. தமிழில் எம்.ஏ., அதற்கு மேல் அகராதிகளைப் பற்றி ஓர் ஆய்வு. முன்பு சக்கர நாற்காலிகளை நிறுத்தி வைத்திருந்த ஒரு மூலையில் அவருக்கு மேசை போட்டிருந்தார்கள். நோயாளிகளுக்குத் தருகிற சீட்டுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது வேலை. அறுவைக்கு முன்னால் என்ன சாப்பிடக்கூடாது, தையல் பிரித்த பிறகு எப்போது குளிக்கலாம், எந்த மாத்திரையை எதற்குத் தருகிறார்கள் என்பதெல்லாம் அவர் கையால் தமிழாகி, அச்சாகி, மருந்துக் கவுண்டரில் அடுக்கப்பட்டன. ஜனங்கள் அந்தச் சீட்டால் விசிறிக்கொண்டார்கள். அதில் மாத்திரையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். கேன்டீனில் ஆடுகிற மேசைக்கு அண்டக்கொடுத்திருந்ததைக்கூட அவர் பார்த்திருக்கிறார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வீட்டில் அவரும் கணவர் வெங்கடபதியும் பேசுவது தெலுங்கு. ஆபீசில் எழுதுவது யாரும் படிக்காத தமிழ். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

அன்றைக்கு வலித் தணிப்புப் பிரிவின் டாக்டர் இஸ்மத் அவரைத் தன் அறைக்கு வரச்சொன்னார். மேசைமேல் அந்தச் சீட்டு இருந்தது.

"மார்ஃபின் மாத்திரைச் சீட்டு நீங்க எழுதினதுதானுங்களே?"

"ஆமாங்க டாக்டர்."

"இந்த வரியக் கொஞ்சம் படிங்க."

வரலட்சுமி படித்தார். "'இது போதைத்தன்மை கொண்ட வலி நிவாரணி ஆகும்.'"

"கிணத்துக்கடவுக்குக் கெழக்க ஒரு பேஷன்ட். பாவாத்தாள்னு பேரு. அம்பத்தெட்டு வயசு. மார்புல வந்த கேன்சர் இடுப்பெலும்புக்கு எறங்கிருச்சு. உக்கார முடியல, படுக்க முடியல. மாத்திரை குடுத்து அனுப்பி ஒம்பது நாளாச்சு, ஒண்ணுகூடத் தொடல. மக சீட்ட வாசிச்சுக் காட்டியிருக்காங்க. போதைங்கற எடத்துல அந்தம்மா நிறுத்தச் சொல்லி, திருப்பி வாசிக்கச் சொல்லி, அப்பறம் முழுசும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, மாத்திரைய எடுத்துட்டுப் போய் ஊட்டுக்கு வெளிய வெய்யின்னு சொல்லிட்டாங்களாம்."

"மருந்துன்னு நீங்க எடுத்துச் சொல்லிப் பாக்கலீங்களா?"

"மூணு தடவை சொன்னனுங்க. 'நீங்க வாயில சொல்றீங்க, அது அச்சுல போட்டிருக்குது'ங்கறாங்க." டாக்டர் சீட்டை அவர் பக்கம் தள்ளினார். "ஜெரோம் இப்பக் கெளம்பறாரு. நீங்களும் போய்ட்டு வாங்க. நீங்க போட்ட வார்த்தை. நீங்களே போய் எடுங்க."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று வரலட்சுமிக்கு நன்றாக நினைவிருந்தது. ஆங்கிலத்தில் 'நார்காட்டிக் அனல்ஜெசிக்' என்று இரண்டே சொல். அனல்ஜெசிக்குக்கு வலி நிவாரணி என்று ஊர் முழுக்க எழுதிக்கொண்டிருந்தது. நார்காட்டிக் என்றால் போலீசிலிருந்து பேப்பர் வரைக்கும் போதை. இரண்டையும் சேர்த்து எழுதினார். ஐந்து பேர் கொண்ட குழு அதை நான்கு நிமிடத்தில் ஒப்புக்கொண்டது. ஐந்தாவது நிமிடம் டீ வந்துவிட்டது.

வேன் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. அதற்குள் அவர் தன் மேசையிலிருந்த பெரிய அகராதியைப் பிரித்து, அப்போதே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தார். நார்காட்டிக்கின் வேர் கிரேக்கத்தில் 'நார்க்கே'. அதற்கு மரத்துப்போதல் என்று பொருள். தொட்டால் கையை மரத்துப்போகச் செய்கிற ஒரு திருக்கை மீனுக்கும் கிரேக்கர்கள் அதே பெயரை வைத்திருந்தார்கள். கள், சாராயம், தள்ளாட்டம் எதுவும் அதில் இல்லை. அனல்ஜெசிக்கில் 'அல்கோஸ்' என்றால் வலி, முன்னால் இருக்கிற 'அன்' இல்லை என்கிறது. வலியில்லாதது. மார்ஃபினுக்குப் பெயர் கிரேக்கர்களின் கனவுக் கடவுளிடமிருந்து வந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்கப் போகிறவருக்கு இவ்வளவு போதும் என்று பட்டது.

ஜெரோம் வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். வேனையும் அவரே ஓட்டுவார். கிணத்துக்கடவு நெருங்குகிற வரைக்கும் பேசாமல் வந்தவர், "அந்தக்கா சாதாரண ஆளில்லீங்க மேடம்," என்றார்.

"ஏனுங்க?"

"எட்டு வருசத்துக்கு முன்னால அவுங்க ஊர் முக்குல ஒரு மதுக்கடை இருந்துச்சு. அதுக்கு முன்னாடி இருபத்திமூணு நாள் பொம்பளைகளக் கூட்டிட்டு ரோட்டுல உக்காந்து மூட வெச்சது இவுங்கதான். வீட்டுக்காரர் ராசப்பன் குடிச்சே செத்தவரு. அதுல இருந்து, போதைங்கற எதுவும் தன்ற வாசல் நெலவத் தாண்டி உள்ள வரக்கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. குடிச்சுட்டு விருந்துக்கு வந்த சொந்த அண்ணனையே வாசல்லயே நிக்க வெச்சு சோறு போட்டு அனுப்பிருக்காங்க."

வரலட்சுமி கைப்பையைத் திறந்து, கிரேக்கத் தாள் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

தென்னந்தோப்புகளுக்கு நடுவில் முப்பது நாற்பது காலனி வீடுகள். பாவாத்தாள் இருபது வருடம் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்தவர். முன்னறையில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் நின்ற மகள் சண்முகப்ரியா நூல் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவள், ஒரு வாரமாக லீவு. மாத்திரை டப்பா டாக்டர் சொன்னபடி வெளியேதான் இருந்தது. ஜன்னல் விளிம்பில், ஒரு செங்கல்லுக்குப் பின்னால்.

"வாங்க, உக்காருங்க," என்றார் பாவாத்தாள். "டாக்டரம்மா போன் பண்ணாங்க. சீட்டு எழுதுனவிய நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்க."

"எழுத்து நல்லா பெருசா, தெளிவாப் போட்டிருந்தீங்க. என்ற மக தடுமாறாம வாசிச்சா."

இரண்டு வருடத்தில் வரலட்சுமிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நன்றி சொல்வதா என்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாளை எடுத்து, நார்க்கேயில் ஆரம்பித்து, மீன் வரைக்கும் சொன்னார். பாவாத்தாள் குறுக்கே பேசாமல் கேட்டார். நடுவில் ஒருமுறை மட்டும் கண்ணை மூடிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வலி தளர்ந்ததும், "சொல்லுங்க அம்மணி," என்றார்.

"அதனால இதுக்கு மூலம் போதையே இல்லீங்க. மரத்துப்போறதுதான். நான் போட்டது தப்பு."

"அந்தக் கிரேக்கக்காரங்க குடிக்கமாட்டாங்களா?"

"குடிப்பாங்க. திராட்சை ரசம்."

"அப்ப அவிய பேச்ச எப்பிடிங்க எடுத்துக்கறது," என்றார் பாவாத்தாள். "குடிச்சவனுக்கும் ஒடம்பு மரத்துத்தான் போகுது. எங்கூட்டுக்காரரு ஒருக்கா கால்ல அருவா பட்டு ரத்தம் ஒழுக ஒழுக நடந்து வந்தாரு. அவருக்குத் தெரியவே இல்ல."

தாளில் அடுத்த குறிப்பு மார்ஃபின். வரலட்சுமி கனவுக் கடவுளைச் சொன்னார்.

"சாமி பேருங்களா?"

"ஆமாங்க."

"அவிய ஊர்ல அந்தச் சாமிக்குக் கெடா வெட்டறதுண்டுங்களா?"

"அது எனக்குத் தெரியலீங்க."

"செரி, உடுங்க. அதென்ன நிவாரணி?"

"நீக்கறதுங்க. வலி நிவாரணின்னா வலிய நீக்கறது."

"வெள்ளம் வந்தா, மழை பேயாம காஞ்சு போனா, மனு குடுத்தாக் கெடைக்கும்பாங்களே, அந்த நிவாரணமுங்களா?"

"அதே வார்த்தைதானுங்க."

"அது எப்பங்க நேரத்துக்கு வந்துச்சு," என்றார் பாவாத்தாள். சொல்லிவிட்டு மறுபடியும் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறை நீண்ட நேரம் ஆயிற்று. வரலட்சுமி வலியைப் பற்றி நிறைய எழுதியிருந்தார். குத்தும் வலி, சுண்டும் வலி, விட்டுவிட்டு வரும் வலி. ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தது இல்லை. பாவாத்தாள் கத்தவில்லை. முகம் மட்டும் யாரோ உள்ளிருந்து விளக்கை அணைத்துவிட்டதுபோல ஆயிற்று. நெற்றியில் வேர்வை பூத்தது. சண்முகப்ரியா துண்டால் ஒற்றினாள். அவள் அதைச் செய்த விதத்தில் பலநாள் பழக்கம் தெரிந்தது. ஜெரோம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வலி தளர்ந்தபோது, பேச்சில்லாமல் இருக்க முடியாமல் வரலட்சுமி, "வலிங்கறதுக்குப் பழைய தமிழ்ல பலம்னும் அர்த்தமுண்டுங்க," என்றார். சொன்னபிறகு, இதை எதற்குச் சொன்னோம் என்று இருந்தது.

"அப்ப என்கிட்ட நெறைய இருக்குதுங்க," என்றார் பாவாத்தாள்.

வரலட்சுமி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். இனி அதற்கு வேலையில்லை. "போதைன்னா நீங்க எதைங்க சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் ஆய்வில்கூட யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. அகராதியைத்தான் கேட்டிருக்கிறார்.

பாவாத்தாள் யோசிக்கவில்லை. "நாக்கு கொழறணும். சொன்னதையே சொல்லணும். தேவையில்லாம அழுவணும், இல்லாட்டி தேவையில்லாம அடிக்கணும். ஊட்டுல இருக்கறத எடுத்துட்டுப் போய் அதுக்கே போடணும். எந்திரிச்ச ஒடனே எதுவும் நடக்காத மாதிரி காப்பி கேக்கணும். அதுதானுங்க. எங்கூட்டுக்காரரு தங்கமான மனுசன். வெடியால எட்டு மணி வரைக்கும்."

"இந்த மாத்திரையில அது எதுவும் வராதுங்கக்கா," என்றார் ஜெரோம். "மொத நாலஞ்சு நாள் அசத்தலா, தூக்கமா இருக்கும். மலம் எறுகும். அதுக்குத் தனியா மருந்து தர்றோம்."

"பாதியில நிறுத்துனாக் கை நடுங்குமா?"

ஜெரோம் தயங்கினார். இல்லையென்று தலையாட்டிவிட்டிருக்கலாம். "திடீர்னு நிறுத்துனா ஒடம்பு படுத்துமுங்க. அதனால நிறுத்தணும்னா டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்பாங்க. நீங்களா நிறுத்தக்கூடாது."

"மறைக்காமச் சொன்னீங்க," என்றார் பாவாத்தாள். "நானா ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுங்க. இருபத்திமூணு நாள் என்கூட உக்காந்தவிய இருக்காங்க. அவிய முன்னால முழுங்கறேன். பாத்துட்டு அவிய சொல்லட்டும். போதைன்னு சொல்லிட்டாங்கன்னா, இன்னொரு தடவ இதக் கொண்டுட்டு வரக்கூடாது."

"அவுங்க எப்ப வருவாங்க?" என்று ஜெரோம் கேட்டார்.

"நூறு நாள் வேலைக்குப் போயிருக்காங்க. ஒரு மணிக்கு மேல வருவாங்க."

அப்போது மணி பதினொன்றே கால். இப்போதே ஒன்று போட்டுக்கொள்ளலாமே என்று ஜெரோம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். பாவாத்தாள் மூன்று தடவையும் மரியாதையாக மறுத்தார்.

அந்த இரண்டு மணி நேரமும் வரலட்சுமி அங்கேயே இருந்தார். பாவாத்தாள் பழமை பேச ஆசைப்பட்டவராக இருந்தார். வலி வந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். போனதும் நின்ற இடத்திலிருந்து தொடரும். சில வாக்கியங்களுக்கு எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் பத்து நிமிடம் ஆயிற்று. வரலட்சுமி ஒன்றையும் தவறவிடாமல் காத்திருந்து கேட்டார். பன்னிரண்டரை மணிக்கு அவர் எழுந்து வெளியே போய், குழாயடியில் முகம் கழுவினார். சண்முகப்ரியா துண்டு கொண்டுவந்தாள்.

"நான் வாசிச்சிருக்கக் கூடாதுங்க," என்றாள் சண்முகப்ரியா. "அடுத்த வரிக்குத் தாண்டிப் போயிருக்கலாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது."

"நான் எழுதியிருக்கக் கூடாதும்மா," என்றார் வரலட்சுமி.

ஒன்றேகாலுக்கு ஆறு பெண்கள் வந்தார்கள். காலில் மண், தலையில் சும்மாட்டுத் துணி. மயிலாத்தாள் என்பவர் எல்லோரிலும் மூத்தவர். ஒல்லி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, சங்கதி என்ன என்று கேட்டு, முழுக்கத் தெரிந்துகொண்ட பிறகே தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். மாத்திரையை ஜன்னலிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுவரலாமா என்பதில் முதலில் ஒரு பேச்சு நடந்தது. சோதனைக்கு மட்டும் ஒன்றைக் கொண்டுவரலாம், டப்பா வெளியேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

பாவாத்தாள் ஒரு மாத்திரையை முழுங்கினார். ஜெரோம் மணியைப் பார்த்தார். ஆறு பெண்களும் பாவாத்தாளைப் பார்த்தார்கள்.

"சுர்ருன்னு ஏறுதா?" என்றாள் கீதா என்ற பெண். அவர்களில் இளையவள்.

"ஒண்ணும் ஏறல. சித்த நேரம் இரு."

அரைமணி நேரம் கழித்து மயிலாத்தாள் விசாரணையைத் தொடங்கினார். இன்றைக்கு என்ன கிழமை, ராசப்பனின் அப்பா பெயர் என்ன, காங்கேயத்துக்கு எந்தெந்த ஊர் வழியாகப் பஸ் போகும். பாவாத்தாள் பிசகாமல் சொன்னார். நாக்கு குழறவில்லை. நேர்கோட்டில் நடக்கச் சொல்லலாமா என்று கீதா கேட்டாள். இடுப்பு இருக்கிற நிலைமையில் அது நியாயமில்லை என்று தள்ளுபடி ஆயிற்று.

மயிலாத்தாள் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "பாவா. பதினாலு வருசத்துக்கு முன்னால மாரியாயி நோம்பிக்கு மொத நாள் என்ற ஊட்டுச் சேவலு ஒண்ணு காணாமப் போச்சு. அதப் புடிச்சது ஆரு?"

"நாந்தேன்," என்றார் பாவாத்தாள். "என்ற அவரைச் செடிய மூணு தடவ கெளறிப்போட்டுது. அதுக்கென்ன இப்ப?"

கீதா மெதுவாக, "குடிச்சவங்கதானுங்க இப்பிடி உள்ளத ஒடைப்பாங்க," என்றாள்.

இது எல்லோரையும் யோசிக்க வைத்தது. போதையில் பொய் வருமா, உண்மை வருமா என்று இரண்டு கட்சி ஆயிற்று. தன் புருசன் குடித்தால் பொய்யாகத்தான் பேசுவான் என்று ஒருத்தி சொன்னாள். தன் மாமனார் குடித்தால் மட்டும்தான் உண்மை பேசுவார், அதனாலேயே சொத்துப் பிரிந்தது என்று இன்னொருத்தி சொன்னாள். மருத்துவக் கருத்து கேட்டு எல்லோரும் ஜெரோமைப் பார்த்தார்கள். சேவல் விஷயத்தில் தனக்குக் கருத்தில்லை என்றார் ஜெரோம்.

"இவ எப்பவும் இப்பிடித்தான்," என்று மயிலாத்தாளே கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "நான் இத்தன வருசமாக் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பா. இதக் கணக்குல எடுத்துக்க வேண்டாம்."

பாவாத்தாளின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் வரலட்சுமியின் பக்கம் முகத்தைத் திருப்பி, கடைக்கு முன்னால் உட்கார்ந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். "மூணாம் நாளு நல்ல வெய்யிலுங்க அம்மணி. கடைக்குள்ள வேலை செய்யற பையன் வெளிய வந்தான். எங்க முன்னால நின்னுட்டு, கையக் கட்டிக்கிட்டு, என்ன சொன்னான்னாங்க..."

வாக்கியம் நின்றது. வலி வந்துவிட்டது என்று நினைத்து வரலட்சுமி காத்திருந்தார். ஆனால் கை கட்டில் சட்டத்தைப் பிடிக்கவில்லை. விரல்கள் விரிந்து கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. பாவாத்தாள் தூங்கிவிட்டார்.

"பாத்தீங்களா, மட்டையாயிட்டாங்க," என்றாள் கீதா.

மறுபடி பேச்சு எழுந்தது. தூக்கம் போதையா இல்லையா. குடித்தவன் தூங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். குறட்டை வருகிறதா என்று ஒருத்தி குனிந்து கேட்டாள். ஜெரோம் பக்கத்தில் போய் மூச்சை எண்ணிப் பார்த்து, சீராக இருக்கிறது என்றார். அப்போதுதான் சண்முகப்ரியா, கதவோரமாக நின்றபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா இப்பிடித் தூங்கிப் பதினாறு நாளாச்சுங்க."

மயிலாத்தாள் எழுந்து, கட்டிலருகே போய், பாவாத்தாளின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் கட்டில்மேல் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பேசாம இருங்கடி," என்றார்.

ஆறு பேரும் பேசாமல் இருந்தார்கள். சாப்பிடப் போக வேண்டியவர்கள் போகவில்லை. ஒருத்தி சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். வெளியே தோப்பில் மட்டை விழுகிற சத்தம் கேட்டபோது எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, மட்டையைக் கண்டிப்பதுபோல அந்தப் பக்கம் பார்த்தார்கள். ஜெரோமுக்குப் பொள்ளாச்சியில் இன்னும் இரண்டு வீடு பாக்கியிருந்தது. அவர் வேனைக் கிளப்பினால் சத்தம் வருமென்று, ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய்க் கிளப்பினார். நான்கு பெண்கள் தள்ளினார்கள். வரலட்சுமி பிறகு பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பாவாத்தாள் கண்ணைத் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு வரலட்சுமியைப் பார்த்தார்.

"வெய்யில்ல உக்காராதீங்கம்மா, உள்ள வந்து உக்காருங்கன்னு கூப்புட்டானுங்க," என்றார். "நல்ல பையன். இப்ப காங்கேயத்துல எண்ணெய் மில்லுல இருக்கறான்."

வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கியபோது, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நோவு போயிருச்சா?" என்று மயிலாத்தாள் கேட்டார்.

பாவாத்தாள் உடம்புக்குள் தேடிப் பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். "போகல. இங்கதான் இருக்குது. அக்கட்டப் போய் உக்காந்திருக்குது. என்னையப் பாத்துட்டு இருக்குது, கிட்ட வரமாட்டேங்குது."

"தலை கிறுகிறுக்குதா? ஆரையாவது அடிக்கணும்போல இருக்குதா?"

"உன்னைய. அது எப்பவும் இருக்கறதுதான்."

மயிலாத்தாள் மற்ற ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஐந்து பேரும் தலையாட்டினார்கள், கீதா கடைசியாக. மயிலாத்தாள் எழுந்து வெளியே போய், செங்கல்லுக்குப் பின்னாலிருந்த டப்பாவை எடுத்துவந்து, உள்ளே அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வரலட்சுமியிடம், "இது போதையில்லீங்க. ஆனா அந்தச் சீட்ட மாத்திப்போடுங்க. இவளுக்கு நாங்க ஆறு பேர் இருந்தோம். எல்லா ஊட்டுலயும் ஆறு பேர் இருக்கமாட்டாங்க," என்றார்.

கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே வரலட்சுமி புதுச் சீட்டை மனதுக்குள் எழுதத் தொடங்கினார். நீக்குவது, கொல்வது, இல்லாமல் செய்வது எல்லாம் போயின. கிரேக்கர்களின் வலியில்லாததும் போயிற்று. வலி இருக்கத்தான் செய்கிறது என்று பாவாத்தாள் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் அவர் வைத்த வரி இது: 'இது கடும் வலியைத் தணிக்கும் மருந்து. வலியோடு இருப்பவருக்கு, டாக்டர் சொன்ன அளவில், இது தரப்படுகிறது. முதல் சில நாள் தூக்கம் வரும். பலநாள் தூங்காதவர் நன்றாகத் தூங்குவார். நீங்களாக நிறுத்தக்கூடாது, நிறுத்துவதானால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.'

மருந்தகத்தின் தலைவர், சட்டப்படி இது நார்காட்டிக் வகை, அதை எப்படி விடுவது என்றார். டாக்டர் இஸ்மத், "சட்டம் அட்டைமேல இங்கிலீஷ்ல இருக்குதுங்க. பேஷன்ட் முழுங்கறது மாத்திரையை மட்டும்தான்," என்றார். இந்த முறை விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. டீ இரண்டு தடவை வந்தது. வரலட்சுமி இரண்டு தடவையும் குடிக்கவில்லை. வரி நின்றது.

அதன் பிறகு அவர் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார். எந்தச் சீட்டையும் அச்சுக்கு அனுப்புமுன் ஜெரோமின் வேனில் ஏறி, இரண்டு வீட்டிலாவது வாசித்துக் காட்டிவிட்டு வந்தார். நெகமத்தில் ஒரு பெரியவர், 'பக்கவிளைவு' என்றால் வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்டார். அதுவும் மாறிற்று. வெங்கடபதி, இந்த வயதில் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை என்ன என்று தெலுங்கில் கேட்டார். வரலட்சுமியும் தெலுங்கிலேயே ஏதோ பதில் சொன்னார்.

பாவாத்தாள் அதற்குப் பிறகு நான்கு மாதமும் சில நாட்களும் இருந்தார். மருந்தின் அளவை இரண்டு முறை கூட்ட வேண்டியிருந்தது. வலி சில நாள் கிட்டே வந்தது, பெரும்பாலும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒருமுறை காரில் படுத்தபடி பொள்ளாச்சிக்குப் போய், அண்ணன் மகள் கல்யாணத்தை மண்டப வாசலிலிருந்து பார்த்துவிட்டு வந்தார். கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம், நெற்றியில் மகள் ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கும்போது போனார்.

மூன்றாம் நாள் வரலட்சுமி தனியாகப் பஸ் ஏறி அங்கே போனார். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. சண்முகப்ரியா அவரைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி நாள் வரைக்கும் பேச்சுத் தெளிவா இருந்துச்சுங்க," என்றாள். "எல்லாரையும் பேர் சொல்லித் திட்டிட்டுத்தான் போனாங்க. என்னையத்தான் அதிகம்." அவள் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

பந்தலில் மயிலாத்தாள் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் விட்டார். யாரோ காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு மயிலாத்தாள், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பவர்போல, அவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கு ஆஸ்பத்திரியில என்னதான் வேலைங்க?"

"எல்லாத்தையும் தமிழ்ல எழுதறதுங்க."

மயிலாத்தாள் யோசித்தார். "இங்க எல்லாமே தமிழ்லதானுங்களே இருக்குது," என்றார்.

வரலட்சுமி ஆமாங்க என்று சொல்லிவிட்டு, ஆறுவதற்குள் காப்பியைக் குடித்தார்.